'துப்பாக்கி வெடித்தது' என்று எழுதாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் நிறுத்திவிட்டுக் கைகூப்பும் பொம்மையைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். முழுதும் படியுங்கள். உடன்பாடு இல்லையென்றால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு செய்தித் துணுக்கு வந்தது. இரவில் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போயிருக்கிறார்கள். கூடப் போனவரையே குண்டு துளைத்துவிட்டது. எந்த ஊர் என்று நான் எழுதப்போவதில்லை. அந்த வீட்டில் இன்னும் அழுகை ஓய்ந்திருக்காது. கல்வராயன் மலை, பச்சமலை, ஜவ்வாது மலை என்று மலையின் பெயரை மட்டும் மாற்றினால், பல வருடங்களாக நாம் படித்துவருகிற அதே செய்திதான்.

அதற்குக் கீழே நீங்கள் எழுதிய பதில்களைப் படித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். "விதி." "நேரம் சரியில்லை." "எமன் எந்த ரூபத்தில் வருவான்னு யாருக்குத் தெரியும்." "சுட்டவனும் பாவம், வேணும்னா செஞ்சான்?" ஒருவர்கூட, "துப்பாக்கி எங்கிருந்து வந்தது? புதருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஏன் சுட்டான்?" என்று கேட்கவில்லை. அத்தனை பேரும் நான் பாடம் நடத்திய பிள்ளைகள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, பழையபடி வகுப்புக்கு வாருங்கள்.

அந்தச் செய்தியின் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். "எதிர்பாராதவிதமாகத் துப்பாக்கி வெடித்ததில் குண்டு பாய்ந்து உயிரிழந்தார்." ஏழாம் வகுப்பில் எழுவாய், பயனிலை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இப்போது பிரித்துக் காட்டுங்கள். வெடித்தது எது? துப்பாக்கி. பாய்ந்தது எது? குண்டு. உயிரிழந்தது யார்? அந்த அப்பாவி. சுட்டவர் எங்கே? காணோம். வாக்கியத்திலேயே இல்லை. ஒரு மனிதர் இன்னொரு மனிதரைச் சுட்டிருக்கிறார். ஆனால் நம் வாக்கியத்தில் இரும்புதான் எழுவாய்.

பட்டாசு வெடிக்கும். பலூன் வெடிக்கும். பருத்திக்காய் வெடிக்கும். துப்பாக்கியை ஒருவர் சுடுகிறார். அதற்குள் மருந்தையும் குண்டையும் போட்டது ஒரு கை. அதன் வாயை ஓர் ஆளை நோக்கித் திருப்பியது ஒரு கை. விசையில் விரல் வைத்தது ஒரு கை. இந்த மூன்றும் சேராமல் ஓர் உயிர் போவது அபூர்வத்திலும் அபூர்வம். மூன்றில் ஒன்றையாவது செய்யாமல் இருந்திருந்தால் அந்த மனிதர் காலையில் வீட்டுக்கு வந்து காபி குடித்திருப்பார்.

தமிழில் 'விதி' என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று தலையெழுத்து. இன்னொன்று நடந்துகொள்ள வேண்டிய முறை: சாலை விதி, தேர்வு விதி. துப்பாக்கிச் சாவுகளில் நாம் முதல் விதியைச் சொல்லி அழுகிறோம். நடந்தது இரண்டாவது விதியை மீறியதால். என் கட்சி இவ்வளவுதான்: இந்தச் சாவுகளை இனிமேல் விதி என்று சொல்லாதீர்கள், விதிமீறல் என்று சொல்லுங்கள். சொல்லை மாற்றினால் சாவு குறையுமா என்று கேட்பீர்கள். குறையும். விதி என்று நினைப்பவன் துப்பாக்கியைப் பூட்டி வைக்கமாட்டான். விதிமீறல் என்று புரிந்தவன் பூட்டுவான்.

"டீச்சருக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன தெரியும்?" என்று சிலர் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. நான் வேலை பார்த்த வருடங்களில் பாதி மலையடிவாரப் பள்ளிகளில். பிள்ளைகள் பள்ளிக்கு வராத நாட்களில் வீடு வீடாகப் போயிருக்கிறேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் நாட்டுத் துப்பாக்கி தொங்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அதற்குக் கீழே பாய் விரித்துப் பிள்ளைகள் படுத்திருக்கும். என் அண்ணன் ராணுவத்தில் இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகு ஒரு வங்கியில் இரட்டைக் குழல் துப்பாக்கியோடு காவலுக்கு நின்றார். அடுத்த காவலாளியிடம் துப்பாக்கியைக் கொடுப்பதற்கு முன் அதை மடக்கித் திறந்து இரண்டு குழலும் காலி என்று கண்ணால் காட்டுவார். வாங்குகிறவரும் குனிந்து பார்ப்பார். "தினமும் பார்க்கிறதுதானே, எதுக்குண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன். "தினமும் பார்க்கிறதாலதான் நான் தினமும் வீட்டுக்கு வர்றேன்" என்றார்.

உலகின் பல இடங்களில் சுடப் பழகுகிறவர்களுக்குத் தொடக்கத்திலேயே சொல்லித்தருவது நான்கே விதிகள். ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் இந்த வடிவத்தில் பரவச் செய்தவை.

முதல் விதி: எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரம்பியதாகவே நினை.

இரண்டாம் விதி: எதை அழிக்க நினைக்கவில்லையோ அதை நோக்கித் துப்பாக்கியின் வாயைத் திருப்பாதே.

மூன்றாம் விதி: இலக்கைக் குறிபார்த்து, சுடுவதென்று முடிவெடுக்கும் வரை விசையில் விரல் வைக்காதே.

நான்காம் விதி: இலக்கு எது, அதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாமல் சுடாதே.

இவ்வளவுதான். வாய்ப்பாட்டைவிடச் சின்னது. ஒன்றை மறந்தாலும் மற்ற மூன்றும் காப்பாற்றும்படி அமைந்தவை. அதனால் ஒரு சாவு நடந்திருக்கிறது என்றால், பெரும்பாலும் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று விதிகள் மீறப்பட்டிருக்கின்றன. இதைப் போய் எதிர்பாராதது என்கிறீர்களே!

முதல் விதிக்குச் சினிமாவிலிருந்தே உதாரணம் தருகிறேன், உங்களுக்கு அதுதான் பிடிக்கும். 2021 அக்டோபர் 21 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 'ரஸ்ட்' என்ற படத்தின் ஒத்திகை. நடிகர் அலெக் பால்ட்வினிடம் ஒரு துப்பாக்கியைக் கொடுக்கும்போது அதில் ஆபத்தான குண்டு இல்லை என்று சொல்லியே கொடுத்தார்கள். உள்ளே நிஜக் குண்டு இருந்தது. ஒளிப்பதிவாளர் ஹலினா ஹட்சின்ஸ் இறந்துபோனார், இயக்குநருக்குக் காயம். தான் விசையை இழுக்கவே இல்லை என்றார் நடிகர். அவர் மீதான வழக்கை 2024 ஜூலையில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது, அரசுத் தரப்பு ஆதாரத்தை மறைத்தது என்பதற்காக. ஆனால் படப்பிடிப்பில் ஆயுதங்களுக்குப் பொறுப்பாக இருந்த பெண்ணுக்கு 18 மாதம் சிறை. "காலியாகத்தான் இருக்கு" என்று இன்னொருவர் சொன்னதை நம்பினார்கள். அத்தனை பேர் நின்ற இடத்தில் ஒருவராவது திறந்து ஒழுங்காகப் பார்த்திருந்தால் ஒரு குழந்தைக்கு இன்று அம்மா இருந்திருப்பாள்.

நம் நாட்டிலும் உண்டு. 2024 அக்டோபர் 1 அன்று மும்பையில் நடிகர் கோவிந்தா தன் சொந்த ரிவால்வரால் காலில் குண்டடிபட்டு மருத்துவமனைக்குப் போனார். உரிமம் உள்ள துப்பாக்கிதான். அலமாரியில் வைக்கும்போது கைநழுவிக் குண்டு பாய்ந்துவிட்டது என்றார்கள். கை யாருக்கும் நழுவும். நழுவிய கையில் குண்டு நிரப்பிய துப்பாக்கி ஏன் இருந்தது என்பதுதான் கேள்வி.

இதேபோல, "துடைத்துச் சுத்தம் செய்தபோது வெடித்தது" என்ற வாக்கியத்தையும் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். மின்விசிறியைத் துடைப்பதற்கு முன் சுவிட்சை அணைக்கிறோம். துப்பாக்கியைத் துடைப்பதற்கு முன் குண்டை எடுக்க வேண்டாமா? எடுத்துவிட்டுத் துடைத்தால் எது பாயும்?

இரண்டாம் விதிக்கு வருகிறேன். உங்களில் ஒருவர், பெயர் சொல்லமாட்டேன், இரண்டு மாதம் முன்பு ஒரு படம் போட்டிருந்தீர்கள். ஐந்து வயதுப் பையன் தென்னந்தோப்புக் குரங்கை விரட்ட வாங்கிய ஏர் கன்னைப் பாட்டியின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பாட்டி இரண்டு கையையும் தூக்கிச் சிரிக்கிறாள். "எங்க வீட்டு ரஜினி" என்று தலைப்பு. எத்தனை இதயக்குறிகள்! ஏர் கன் விளையாட்டுச் சாமான் இல்லை, அப்பா. குறிப்பிட்ட ஆற்றலுக்குக் கீழே இருந்தால் அதற்கு உரிமம் வேண்டாம் என்று சட்டம் விட்டிருக்கிறது. உரிமம் வேண்டாம் என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. அந்த ஈயத் துணுக்கு கண்ணில் பட்டால் கண் போய்விடும். அருகிலிருந்து தலையிலோ நெஞ்சிலோ பட்டால் ஆளே போகலாம். அன்று அதில் குண்டு இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் துப்பாக்கியை அம்மாச்சி முகத்துக்கு நேராகப் பிடித்தால் எல்லோரும் கைதட்டுவார்கள் என்று அந்தப் பிஞ்சு கற்றுக்கொண்டது. அந்தப் பாடத்தை யார் அழிப்பது?

தீபாவளிக்குப் பொட்டுவெடித் துப்பாக்கி வாங்கித் தருகிறீர்கள். வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைத் தரும்போதே ஒரு சொல் சேர்த்துக் கொடுங்கள்: "ஆளைப் பார்த்துப் பிடிக்கக் கூடாது, வானத்தையோ தரையையோ பார்த்துப் பிடி." கத்தரிக்கோலை எப்படிப் பிடித்துக் கொடுப்பது என்று ஒன்றாம் வகுப்பிலேயே கற்றுக்கொடுத்துவிடுகிறோம். கூர்முனை நம் பக்கம், கைப்பிடி எதிராளி பக்கம். அந்தப் பழக்கம் சாகும்வரை போவதில்லை. இதுவும் அப்படிப்பட்டதுதான்.

மூன்றாம் விதி விரலைப் பற்றியது. இரவில் கல்லும் வேரும் உள்ள பாதையில் நடக்கிறவன் தடுக்கி விழும்போது இரண்டு கையும் தன்னால் இறுகும். விரல் விசையில் இருந்தால் விசையும் இறுகும். அவனுக்கே தெரியாமல் நடப்பது உண்மைதான். ஆனால் விரலை அங்கே வைத்தது அவனுக்குத் தெரிந்துதான் நடந்தது.

நான்காம் விதிதான் மலைக்காட்டில் அதிகம் ஆளைக் கொல்கிறது. எப்படி நடக்கிறது பாருங்கள். நாலைந்து பேர் போகிறார்கள். தலையில் டார்ச். பன்றியை மடக்க ஆளுக்கொரு பக்கமாகப் பிரிகிறார்கள். கொஞ்ச நேரத்தில் யார் எங்கே நிற்கிறார் என்று யாருக்கும் தெரியாது. புதர் அசைகிறது. சுட்டாயிற்று. புதரை அசைத்தது மச்சான். "பன்றி என்று நினைத்துச் சுட்டுவிட்டேன்" என்று போலீசில் சொல்கிறார்கள். அவன் சுட்டது பன்றியையும் இல்லை, மனிதனையும் இல்லை. ஓர் அசைவைச் சுட்டிருக்கிறான். ஒரு சத்தத்தைச் சுட்டிருக்கிறான். கண்ணால் பார்க்காததைச் சுடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு லாரி ஓட்டுவதற்குச் சமம்.

படிக்காத மலைச்சனங்கள்தான் இப்படி என்று யாரும் நினைக்க வேண்டாம். 2006 பிப்ரவரி 11 அன்று அமெரிக்கத் துணை அதிபர் டிக் செனி டெக்சாசில் காடை வேட்டைக்குப் போனார். பறந்த பறவையைத் துரத்தித் திரும்பிச் சுட்டார். அந்தத் திசையில் நின்றிருந்த 78 வயது நண்பரின் முகத்திலும் கழுத்திலும் நெஞ்சிலும் சிறு குண்டுகள் பாய்ந்தன. இருட்டு வேட்டை இல்லை, பாதுகாப்புப் படை கூடவே. பெரியவர் பிழைத்துக்கொண்டார். முதலில் விருந்து கொடுத்த வீட்டார் என்ன சொன்னார்கள் தெரியுமா? அடிபட்டவர்தான் தான் வருவதாகக் குரல் கொடுக்கவில்லையாம்! பழி குண்டு வாங்கியவர் தலையில். சில நாள் கழித்துத்தான் செனி தொலைக்காட்சியில் தோன்றி, விசையை இழுத்தது தான்தான், பழி தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். அவருடைய அரசியல் எனக்குப் பிடிக்காது. ஆனால் அன்றைக்கு அவர் எழுவாயோடு பேசினார்.

இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவேண்டிய கடமை தனிமனிதருக்கு மட்டும் இல்லை. நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்ததை மறந்துவிட்டீர்களா? நார்த்தாமலை அருகே சுடுபயிற்சித் தளம். 2021 டிசம்பர் 30 காலை, மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் அங்கே பயிற்சியில் இருந்தார்கள். தளத்திலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் தள்ளி, தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுப் பையனின் தலையில் குண்டு பாய்ந்தது. புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனார்கள். 2022 ஜனவரி 3 அன்று பிள்ளை போய்விட்டான். முதலமைச்சர் 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தார். சுடுதளத்தை நிரந்தரமாக மூடு என்று ஊர் மக்கள் ரோட்டுக்கு வந்தார்கள்.

அந்தப் பிள்ளை எந்த விதியை மீறினான்? தாத்தா வீட்டில் இருந்தது குற்றமா? ரைஃபிள் குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும் என்பது சுடத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். சின்ன .22 குண்டே வெகுதூரம் போகக்கூடியது. அதனால்தான் சுடுதளத்துக்குப் பின்னால் மலையோ உயரமான மண்மேடோ இருக்கவேண்டும், அதைத் தாண்டிப் பறக்கும் குண்டு எங்கே விழும் என்று கணக்குப் போட்டு அந்த நிலத்தில் ஆள் இல்லாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். குண்டு ஊருக்குள் வந்துவிட்டது என்றால் கணக்கு தப்பு. கணக்கு தப்பினால் ஆசிரியர் சிவப்பு மையில் சுழிப்பார். இங்கே யாரை யார் சுழித்தார்கள்? அன்றைக்கும் நம் குழுவில், "அவன் தலையில அப்படி எழுதியிருக்கு" என்று ஒருவர் போட்டிருந்தார். அவன் தலையில் எதுவும் எழுதியிருக்கவில்லை, தம்பி. குண்டு பாய்ந்திருந்தது.

கொண்டாட்டத்துக்குச் சுடுவதையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்கவேண்டும். நம் பக்கம் கல்யாணத்தில் வாணவேடிக்கை, வடக்கே பல இடங்களில் துப்பாக்கி வேட்டு. 2016 டிசம்பரில் பஞ்சாபின் பதிண்டா மாவட்டத்தில் ஒரு கல்யாண மேடையில் ஆடிக்கொண்டிருந்த பெண் இப்படிச் சுட்ட குண்டுக்கு மேடையிலேயே பலியானார். மேலே போன குண்டு மேலேயே தங்காது, எங்கேயோ ஒரு தலையைத் தேடி இறங்கும். 2019இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தி, பிறர் உயிருக்கு ஆபத்து வரும்படி கொண்டாட்டத்துக்குச் சுட்டால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று வைத்தார்கள். சொந்தக்காரப் பையன்கள் சிலர் ரீல்ஸில் யாருடைய துப்பாக்கியையோ தூக்கிப் பிடிக்கிறீர்கள். வேலைக்குப் போகிற வயதில் வழக்கு வேண்டாம். வேறொருவர் வீட்டில் இழவும் வேண்டாம்.

சட்டத்தைச் சொன்னதால் இன்னொன்று. 'விபத்து' என்ற சொல்லைச் சட்டம் நம்மைப் போல வாரி இறைப்பதில்லை. 1860இல் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 80ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 18ஆம் பிரிவு. விபத்து என்று மன்னிக்கவேண்டுமானால், செய்த காரியம் சட்டத்துக்கு உட்பட்டதாக இருக்கவேண்டும், சட்டப்படியான முறையில் செய்திருக்கவேண்டும், உரிய கவனத்தோடும் எச்சரிக்கையோடும் செய்திருக்கவேண்டும். அதற்குச் சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. கோடரியால் வேலை செய்கிறான், கோடரியின் தலை கழன்று பறந்து பக்கத்தில் நின்றவன் மேல் பட்டு அவன் இறக்கிறான். வேலை செய்தவன் பக்கம் கவனக்குறைவு இல்லையென்றால் அது குற்றமில்லை. கவனியுங்கள், கவனக்குறைவு இல்லையென்றால்! காம்பு ஆடுகிறதா என்று பார்த்துவிட்டு வெட்டியவனுக்குத்தான் அந்த மன்னிப்பு. உரிமம் இல்லாத துப்பாக்கியோடு, சட்டம் தடுத்த வேட்டைக்கு, இருட்டில் போய், புதரைச் சுட்டவனுக்கு இல்லை. கவனக்குறைவால் உயிர் போக்கினால் முன்பு 2 ஆண்டு வரை சிறை. 2024 ஜூலை முதல், 106ஆம் பிரிவில், 5 ஆண்டு வரை. நூற்றறுபது வருடமாகச் சட்டத்துக்குத் தெரிந்தது நம் வாட்ஸ்ஆப் குழுவுக்கு இன்னும் தெரியவில்லை.

இப்போது மலைவாசிப் பிள்ளைகளோடு தனியாகப் பேசவேண்டும். நாட்டுத் துப்பாக்கியைப் பற்றி உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். குழலின் வாய் வழியாக மருந்தைக் கொட்டி, கந்தலையோ நாரையோ வைத்து இடித்து, பால்ஸ் குண்டைப் போட்டு மறுபடி இடிப்பீர்கள். போட்டது சுலபம், எடுப்பது கஷ்டம். பெரும்பாலும் சுட்டுத்தான் காலி செய்கிறீர்கள். வேட்டையில் ஒன்றும் சிக்காவிட்டால் மருந்தை வீணாக்க மனம் வராமல் அப்படியே கொண்டுவந்து ஆணியில் மாட்டுகிறீர்கள். பல துப்பாக்கிகளில் பாதுகாப்புப் பூட்டும் கிடையாது. கீழே விழுந்தாலோ, பிள்ளை எடுத்துச் சுத்தியலை இழுத்து விட்டாலோ போதும். அதாவது, வீட்டுச் சுவரில் தொங்குவது இரும்புக் கம்பி இல்லை, பாதி நடந்துமுடிந்த கொலை. மீதிப் பாதியை நடத்த ஒரு சின்னக் கை போதும். குழாயை வைத்து அடித்துச் செய்தவற்றில் குழலே பிளந்து சுட்டவன் முகத்தில் அடிப்பதும் உண்டு. 'துப்பாக்கி வெடித்தது' என்ற வாக்கியம் அந்த ஒரு இடத்தில்தான் பொருந்தும்.

"பன்றி வந்து ஒரே ராத்திரியில் மரவள்ளியை அழித்துவிட்டுப் போகிறது, நாங்கள் என்ன செய்வது டீச்சர்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கடலையும் மரவள்ளியும் கண்ணெதிரே போவதைப் பார்த்தவள்தான் நானும். அரசே 2025 ஜனவரியில், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று அறிவித்தது. 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, இடையில் பிடித்துக் காட்டில் விடவேண்டும். காட்டை ஒட்டி நிலம் வைத்திருக்கும் உங்களுக்கு இது போதாது என்பது எனக்கும் புரிகிறது. இழப்பீடு சீக்கிரம் வேண்டும், வேலி போட மானியம் வேண்டும் என்று மனு எழுதுங்கள், முதல் கையெழுத்து நான் போடுகிறேன். ஆனால் பன்றிக்கு வைத்த குண்டில் மகனைப் பறிகொடுத்தவனுக்கு எந்த அரசு எந்த மரவள்ளிக்கு இழப்பீடு கொடுத்து என்ன?

மலை மாவட்டங்களில் போலீசார் அவ்வப்போது ஒரு வாய்ப்புத் தருகிறார்கள். உரிமம் இல்லாத துப்பாக்கியைக் குறிப்பிட்ட தேதிக்குள் தானாக முன்வந்து ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று அறிவிக்கிறார்கள். ஊர்ப் பெரியவர் மூலமாகவோ ஊராட்சித் தலைவர் மூலமாகவோ கொடுத்தவர்கள் உண்டு. அந்த அறிவிப்பு வந்தால் விட்டுவிடாதீர்கள். வைத்திருந்து பிடிபட்டால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு சிறை. தாத்தா காலத்துப் பொருள் என்று பாசம் பார்க்காதீர்கள். தாத்தாவின் ஞாபகத்துக்கு ஒரு போட்டோ போதும்.

உரிமம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சொல். 2016 ஆயுத விதிகள் வந்த பிறகு உரிமம் கேட்பவர் துப்பாக்கியைக் கையாளும் பயிற்சி பெற்ற சான்றிதழ் காட்டவேண்டும். அந்தச் சான்றிதழைக் கோப்பில் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். துப்பாக்கி காலியாக, பூட்டிய பெட்டிக்குள். குண்டு வேறு பெட்டியில், வேறு பூட்டில். சாவி பிள்ளைகளுக்குத் தெரியாத இடத்தில். "என் பிள்ளை தொடமாட்டான்" என்று சொல்லாதீர்கள். முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளோடு இருந்தவள் சொல்கிறேன், தொடாத பிள்ளை கிடையாது. மேசை டிராயரில் நான் ஒளித்துவைத்த சாக்பீஸ் டப்பாவைக் கண்டுபிடிக்காத வகுப்பு ஒன்றுகூட இருந்ததில்லை.

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். 2020 முதல் அந்த நாட்டில் 1 வயதிலிருந்து 19 வயது வரையுள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கிக் குண்டு. வாகன விபத்தையே முந்திவிட்டது. இதில் கொலையும் தற்கொலையும்தான் பெரும்பங்கு, தெரியாமல் சுட்டது சின்னப் பங்கு. ஆனால் அந்தத் தற்கொலைக்கும் தெரியாமல் சுட்டதற்கும் வழிவிடுவது பல நேரம் ஒன்றுதான்: வீட்டில் பூட்டாமல் வைத்த துப்பாக்கி. அந்த நாட்டுக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்வதும் நான் மேலே சொன்னதுதான். காலி செய், பூட்டு, குண்டைத் தனியாகப் பூட்டு.

உங்கள் பிள்ளை நண்பன் வீட்டில் விளையாடப் போகிறான், இரவு தங்கப் போகிறான். "அவனுக்கு வேர்க்கடலை ஒத்துக்காது, பார்த்துக்கோங்க" என்று கூச்சமில்லாமல் சொல்கிறீர்கள். அதே மூச்சில், "உங்க வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? பூட்டி வைத்திருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். தப்பாக நினைப்பார்களே என்று என் அண்ணன் மகள் சொன்னாள். நினைக்கட்டும். தப்பாக நினைத்தவரோடு நாளைக்குச் சமாதானம் ஆகிக்கொள்ளலாம். பிள்ளைக்கும் ஒன்று சொல்லிவையுங்கள்: துப்பாக்கியைப் பார்த்தால் தொடாதே, அந்த இடத்தைவிட்டு உடனே வந்துவிடு, பெரியவரிடம் சொல். ஆனால் இதைச் சொல்லிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பூட்டவேண்டியது பெரியவரின் கடமை. அதைக் குழந்தையின் தலையில் வைக்கக்கூடாது.

கடைசியாக, "சுட்டவனும் பாவம்தானே டீச்சர், அவனை ஏன் இன்னும் குத்துகிறீர்கள்?" என்று கேட்டவருக்கு. பாவம்தான். நண்பனைச் சுட்டவன் அதற்குப் பிறகு ஒரு நாளும் நிம்மதியாகத் தூங்கமாட்டான். அவனை வெறுக்கச் சொல்லவில்லை. ஆனால் "விதிப்பா, நீ என்ன செய்வே" என்று அவனைத் தேற்றுகிறீர்களே, அதைப் பக்கத்தில் நின்று இன்னொரு துப்பாக்கிக்காரன் கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் அன்று இரவும் டார்ச்சைக் கட்டிக்கொண்டு கிளம்புவான். நீங்கள் ஒருவனுக்குச் சொன்ன ஆறுதல் இன்னொருவனுக்குக் கொடுத்த அனுமதி.

ஆகவே மூன்று வேண்டுகோள். ஒன்று, இனி இப்படி ஒரு செய்தி வந்தால் 'விதி' என்று எழுதாதீர்கள். எந்த விதி மீறப்பட்டது என்று எழுதுங்கள். இரண்டு, வீட்டில் ஏர் கன் முதற்கொண்டு எது இருந்தாலும் இன்று இரவு படுக்கும் முன் காலி செய்து பூட்டுங்கள், உரிமம் இல்லாததை வீட்டைவிட்டே அனுப்புங்கள். மூன்று, பத்திரிகையில் வேலை பார்க்கும் என் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இதைப் படிப்பீர்கள். 'எதிர்பாராதவிதமாக' என்ற சொல்லை எழுதுவதற்கு முன், 'சுட்டவர் யார்' என்று ஒருமுறை கேளுங்கள். எழுவாயை விட்டுவிட்டு வாக்கியம் எழுதினால் ஏழாம் வகுப்பில் நான் மதிப்பெண் போட்டதில்லை. இப்போதும் போடமாட்டேன்.

லைக் வேண்டாம். பூட்டிவிட்டேன் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

என்றும் உங்கள் நலம் நாடும்
டீச்சர்